சில்லு நிலத்தைத் தொட்ட பிறகு: சிறு விமானத்தைத் திசை தவறாமல் தரையிறக்க முழுமையான வழிகாட்டி

ஆடி மாதத்துப் பின்னேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சோளகக் காற்று நீரேரிக்கு மேலால் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். நாம் யோசிக்காமலேயே உடம்பை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு நேராக வருவோம். எதிரே ஒரு லொறி வந்து காற்றை மறைத்ததும் சட்டென்று வலப்பக்கம் இழுபடுவோம். லொறி கடந்ததும் காற்று திரும்பவும் இடப்பக்கம் தள்ளும். பக்கக் காற்றில் ஒரு சிறு விமானத்தை இறக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. மோட்டார் சைக்கிளைக் கையால் திருப்புகிறோம். ஓடுபாதையில் விமானத்தைக் காலால் திருப்ப வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவதுதான் பழக்கம். இன்று அதே வன்னியிலிருந்து ஒரு தங்கச்சி செஸ்னா என்ற சிறு விமானத்தின் சோதனைப் பட்டியலைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, "அண்ணை, இறங்கின பிறகு ஏன் மூக்கு இழுபடுது?" என்று கேட்கிறாள். அவளுக்கும், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலிருந்து விமானி உரிமத்துக்குப் படிக்கப் போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் எனக்குத் தெரிந்ததை முழுவதுமாக எழுதுகிறேன். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே இவற்றைப் பழகுங்கள். எண்களைப் பொறுத்தவரை உங்கள் விமானத்தின் கைநூல் சொல்வதே கடைசிச் சொல்.

எனக்கு நடந்தது

தெற்கே, கடலோரத்து ஓடுபாதை ஒன்றில் தனியாகப் பறக்கத் தொடங்கிய நாட்கள். பின்னேரக் கடற்காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. நல்ல தரையிறக்கம், மூன்று சில்லும் மெதுவாகத் தொட்டன. "சரி, முடிந்தது" என்று மனதுக்குள் சொல்லி, காற்றுப் பக்கம் பிடித்திருந்த யோக்கை (விமானி கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பிடி) நடுவுக்கு விட்டேன். வல இறக்கை எழும்பியது. மூக்கு வலப்பக்கம் திரும்பியது. பதறி இட மிதியை அழுத்தினேன், ஆனால் பாதத்தின் நுனி மிதியின் மேற்பகுதியில் இருந்தது. அது பிறேக். இடச் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கியது. முன்சில்லு புல்லோரத்தில் நிற்க விமானம் நின்றது. ரயரில் ஒரு தட்டைத் தேய்வு, வேறு சேதமில்லை. எல்லாமாக நாலு ஐந்து விநாடிதான் இருக்கும். அந்த விநாடிகளில் நான் செய்த பிழைகள் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு திருத்தம் இருக்கிறது.

ஏன் இழுபடுகிறது

காரணங்களைப் புரிந்துகொண்டால் கால் தானாக வேலை செய்யும், ஆகவே இதில் கொஞ்ச நேரம் செலவிடுவோம்.

விமானத்தின் பின்பாதியில் உயரமான செங்குத்து வால் இருக்கிறது. பக்கக் காற்று அந்த வாலைத் தள்ளும். வால் போன திசைக்கு எதிர்த்திசையில், அதாவது காற்று வரும் பக்கமாக, மூக்குத் திரும்பும். கூரையில் வைக்கும் காற்றுச் சேவலும் இப்படித்தான் திரும்புகிறது. காற்று வலத்திலிருந்து வந்தால் மூக்கு வலத்துக்குப் போகப் பார்க்கும், நீங்கள் இட மிதியில் இருக்க வேண்டும்.

அடுத்தது வேகம். மிதிகள் அசைக்கும் வால் சுக்கானின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறுகிறது. 60 நொட்டில் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) இருந்த பலம் 30 நொட்டில் பாதியாக இருக்காது, காற்பங்காகிவிடும். மறுபுறம், சில்லுகளின் பிடிப்பு மெதுவாகத்தான் கூடுகிறது, ஏனென்றால் தொட்டவுடன் பாரத்தின் பெரும்பகுதியை இறக்கைகள் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கின்றன. சுக்கான் பலவீனமாகி, சில்லு இன்னும் முழுதாகப் பிடிக்காத ஓர் இடைவெளி வரும். விமானங்கள் பாதையை விட்டு விலகுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான், அதே நேரத்தில்தான் விமானியின் மனமும் "இறங்கியாச்சு" என்று தளர்கிறது.

மூன்றாவது, தொடும் கணத்தில் விமானத்தின் மூக்கு ஒரு திசையையும் அதன் ஓட்டம் இன்னொரு திசையையும் பார்ப்பது. சில்லுகள் உருள்வது மூக்குத் திசையில். விமானத்தின் பாரம் போய்க்கொண்டிருப்பது ஓட்டத்தின் திசையில். இரண்டும் பொருந்தாவிட்டால் தொட்ட உடனேயே ஒரு இழுப்பு வரும்.

பறக்க முதல் நிலத்தில்

விமானத்தைச் சுற்றி வரும்போது இரண்டு பிரதான ரயர்களின் காற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மெத்தென்றிருந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். பிறேக் தட்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, தள்ளிப் பார்க்கும்போது ஒரு சில்லு மட்டும் இறுக்கமாக வருகிறதா என்றும் பாருங்கள். முன்சில்லின் ஆட்டத்தைத் தணிக்கும் சிறு உருளை தளர்ந்திருந்தால் தரையில் ஓடும்போது முன்பக்கம் நடுங்கும்.

பிறகு இருக்கை. தண்டவாளத்தில் பூட்டியிருக்கிறதா என்று உடம்பால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இரண்டு மிதிகளையும் கடைசிவரை அழுத்தக்கூடிய தூரத்தில் உட்காருங்கள். குதிக்கால் தரையில், பாதத்தின் பந்துப்பகுதி மிதியின் கீழ்ப்பகுதியில். மேற்பகுதி பிறேக் என்பதை நான் விலை கொடுத்துப் படித்தேன். தடித்த அடியுள்ள சப்பாத்தைத் தவிர்த்து, மிதி உணரக்கூடிய மெல்லிய அடியுள்ளதாகப் போடுங்கள்.

காற்றைக் கணக்கிடுதல்

எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயர் இருக்கிறது. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தென்மேற்கே சோளகம். இந்தப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பாகை எண்ணைக் கேட்டதும் எந்தக் காற்று என்று மனதில் தோன்றினால், அது எந்தக் கன்னத்தில் படும் என்பதும் உடனே தெரியும்.

வன்னிக்கு அருகில் பயணிகள் விமானம் வந்துபோகும் இடம் பலாலி. அங்குள்ள ஓடுபாதை 05/23, அதாவது ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 50 பாகை, மறுமுனையிலிருந்து 230 பாகை. சோளகம் 225 பாகையிலிருந்து வந்தால் 23இல் இறங்குபவருக்கு அது நேர் எதிர்க்காற்று, சுகமான நாள். அதே பாதையில் கச்சான் 270 பாகையிலிருந்து வீசினால் வலப்பக்கமாக 40 பாகை கோணம்.

இந்தக் கோணத்தை மணிக்கூட்டு நிமிடமாக நினையுங்கள். 30 பாகை என்றால் அரை மணி, காற்றின் பாதி பக்கத்திலிருந்து தள்ளும். 40 என்றால் மூன்றில் இரண்டு. 60க்கு மேல் போனால் முழுக்காற்றும் பக்கக் காற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 15 நொட் கச்சானில் 23இல் இறங்குபவருக்குப் பக்கக் காற்று ஏறத்தாழ 10 நொட். சரியான கணக்கு 9.6 வரும். விமான அறையில் இருந்துகொண்டு இதைவிட நுணுக்கம் தேவையில்லை.

இனி அந்த 10 நொட்டை விமானத்தின் கைநூலில் உள்ள பக்கக் காற்று எண்ணோடு ஒப்பிடுங்கள். செஸ்னா 152இன் கைநூல் 12 நொட்டும், செஸ்னா 172எஸ் கைநூல் 15 நொட்டும் சொல்கின்றன. சோதனைப் பறப்பில் செய்து காட்டிய அளவு இது. சட்டப்படியான எல்லை என்று இதற்குப் பொருளில்லை, நீங்கள் செய்யலாம் என்றும் பொருளில்லை. புதிதாகப் பறக்கும் பிள்ளை தன் பயிற்றுநரோடு சேர்ந்து தனக்கென ஓர் எண்ணை எழுதிவைக்க வேண்டும். 5 நொட்டில் தொடங்கி, பழகப் பழகக் கூட்டினால் போதும். காற்று அந்த எண்ணுக்கு மேலே இருந்தால் அன்று பறக்காமல் தேத்தண்ணி குடிக்கலாம், அல்லது காற்றுக்கு நேரான வேறு பாதைக்குப் போகலாம்.

காற்று சீறிச் சீறி வந்தால், சீறலில் கூடும் வேகத்தின் அரைப்பங்கை இறங்கு வேகத்தோடு கூட்டுங்கள். 12 நொட், சீறலில் 20 என்றால் வித்தியாசம் 8, கூட்ட வேண்டியது 4. அதற்கு மேல் கூட்டாதீர்கள். அதிக வேகம் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலர் அடுத்த சிக்கலுக்குள் போகிறார்கள்.

இறங்கு வழியில்

172எஸ் விமானத்தில் பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) முழுவதும் இறக்கிய சாதாரண இறங்கு வேகம் 60 முதல் 70 நொட் வரை. நீண்ட இறுதிவழியில் மூக்கைச் சற்றுக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு நடப்பதுபோலச் சாய்வாக வரலாம். ஆனால் நிலத்தைத் தொடும் முன் மூக்கு பாதைக்கு நேராக வந்துவிட வேண்டும்.

பயிலும் காலத்தில் நான் பரிந்துரைப்பது, 300 அடி உயரத்திலேயே இறக்கை தாழ்த்தும் முறைக்கு மாறுவது. காற்றுப் பக்க இறக்கையை எய்லரனால் (யோக்கைத் திருப்பும்போது இறக்கை நுனிப் பக்கத்தில் அசையும் தகடு) கொஞ்சம் தாழ்த்துங்கள், எதிர்ப் பக்க மிதியால் மூக்கைப் பாதையோடு நேராக்குங்கள். இரண்டுக்கும் வேறு வேறு வேலை. பக்கவாட்டில் நகர்வதை நிறுத்துவது கை. மூக்கை நேராக்குவது கால். விமானம் காற்றின் போக்கில் அடிபட்டுப் போனால் இறக்கையை இன்னும் தாழ்த்துங்கள். மூக்கு கோணலாக இருந்தால் மிதியைத் திருத்துங்கள். இந்தப் பிரிப்பு மனதில் பதியும்வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்: "கை நகர்வுக்கு, கால் மூக்குக்கு." மிதியைக் கடைசிவரை அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்றால், அந்தக் காற்று உங்கள் விமானத்துக்கு அதிகம். அது மேலேயே தெரிந்துவிடுவது இந்த முறையின் பெரிய நன்மை.

பார்வையைப் பற்றி ஒரு சொல். நீங்கள் இடப்பக்க இருக்கையில் இருக்கிறீர்கள், புரொப்பெல்லர்க் கூம்பு உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அந்தக் கூம்பை நடுக்கோட்டில் வைக்கப் பார்த்தால் மூக்கு இடப்பக்கம் கோணலாகிவிடும், ஆனால் உங்களுக்கு நேராகத் தெரியும். உங்கள் முகத்துக்கு நேர் முன்னால் முகப்புத் தகட்டின் மேல் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து ஓடுபாதையின் தொலைமுனைக்கு ஒரு கோடு பிடியுங்கள். வரம்பில் நடக்கும்போது காலடியைப் பார்த்தால் தள்ளாடுகிறோம், தூரத்தைப் பார்த்தால் நேராகப் போகிறோம்.

ஓடுபாதைக்குப் பக்கத்தில் பாலையும் வீரையும் அடர்ந்த காட்டு வரிசை இருந்தால், மரங்களின் உயரத்துக்குக் கீழே வந்ததும் காற்று அடங்கிவிடும். வரிசையில் இடைவெளி வரும் இடத்தில் திரும்பவும் அடிக்கும். சங்குப்பிட்டி லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எங்கள் பக்கத்து மயில்களும் கட்டாக்காலி மாடுகளும். பாதை முழுவதும் வெளியாக இருக்கிறதா என்று கடைசிவரை பாருங்கள். விலங்கைக் கண்டு தரையில் வெட்டித் திருப்புவதைவிட, காற்றில் இருக்கும்போதே மேலே எழும்புவது எவ்வளவோ நல்லது.

தொடும் கணம்

வேகம் குறையக் குறைய அதே பலனுக்கு எய்லரனும் மிதியும் கூடுதலாகத் தேவைப்படும். மட்டப்படுத்தும்போது பிடியை உறைய விடாமல் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். காற்றுப் பக்கச் சில்லு முதலில் தொடும், பிறகு மற்றச் சில்லு, கடைசியாக முன்சில்லு. ஒற்றைச் சில்லில் ஓடுவது முதல் தடவை பயமாக இருக்கும், ஆனால் சரியான தொடுகையே அதுதான்.

முன்சில்லு இறங்கும் நேரம் விமானத்துக்கு விமானம் வேறுபடும். செஸ்னா 172இல் விமானம் காற்றில் இருக்கும்போது முன்சில்லு நேராகப் பூட்டிக்கொள்ளும், பாரம் விழுந்த பிறகுதான் மிதியோடு திரும்பும். பைப்பர் செரோக்கி வகையில் முன்சில்லு மிதியோடு நேரடியாக இணைந்தது. மிதி அழுத்தியபடியே முன்சில்லு தொட்டால் அந்தப் பக்கம் வெட்டும். செரோக்கியில் முன்சில்லு தொடும் கணத்தில் மிதியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

வேகம் அதிகமாக வந்தால் விமானம் இறங்க மறுத்து மிதக்கும். அப்போது யோக்கை முன்னால் தள்ளி ஒட்டவைக்கக் கூடாது. தள்ளினால் பாரமெல்லாம் முன்சில்லுக்குப் போய், பிரதான சில்லுகள் லேசாகி, கல் ஏற்றிய தள்ளுவண்டி ஒற்றைச் சில்லில் சுழல்வதுபோல விமானம் முன்சில்லைச் சுற்றித் திரும்பும். யோக்கைப் பின்னால் மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருங்கள். பாதை போதாது என்று தோன்றினால் மேலே எழும்புங்கள்.

தொட்ட பிறகு

நான் பிழைவிட்ட இடம். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, த்ரொட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுவதும் பின்னால் இருக்கிறதா என்று கையால் உணருங்கள்.

இரண்டாவது, எய்லரனை விடாதீர்கள். வேகம் குறையக் குறையக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் முழுவதும் திருப்பிய நிலையில் இருக்க வேண்டும். காற்றுப் பக்க இறக்கை எழும்பாமல் இருப்பதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. எதிர்ப்பக்க இறக்கையில் கீழே இறங்கிய எய்லரன் காற்றை இழுத்துப் பிடிப்பதால், மூக்கு காற்றுப் பக்கம் திரும்புவதையும் அது கொஞ்சம் தடுக்கிறது.

மூன்றாவது, கால்கள் அசைந்துகொண்டே இருக்கட்டும். சின்னச் சின்ன அழுத்தங்கள். இழுப்பு தொடங்கியதும் ஒரு சிறு அழுத்தம், மூக்கு திரும்பி வரத் தொடங்கியதும் விடுதல். மூக்கு நடுவுக்கு வரும்வரை அழுத்திப் பிடித்தால் மறுபக்கம் தாண்டிப் போகும், அதைத் திருத்தப்போய் இந்தப் பக்கம் தாண்டும். ஊசலாட்டம் வளரும். கிறவல் றோட்டில் பின்சில்லு வழுக்கும்போது ஹாண்டிலை முறித்துத் திருப்பினால் விழுவோம் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

நான்காவது, பிறேக்கை அவசரப்படுத்தாதீர்கள். இறக்கைகள் இன்னும் பாரம் தாங்கும் வேளையில் சில்லு எளிதில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது. நடை ஓட்ட வேகம் வரும்வரை நேராக வைத்திருங்கள், பிறேக் வேண்டுமானால் இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக.

பிளாப்பை மடிக்க, றேடியோவில் பேச, பட்டியலைப் பார்க்க, ஓடுபாதையை விட்டு வெளியேறி நின்ற பிறகு நேரமிருக்கிறது. கோபுரம் கூப்பிட்டாலும் முதலில் விமானம்.

விலகத் தொடங்கிவிட்டால்

இரண்டு வழிகள்தான் உண்டு. எதைத் தேர்வது என்பதை மேலே இருக்கும்போதே தீர்மானித்திருங்கள்.

சில்லுகள் இப்போதுதான் தொட்டன, வேகம் இருக்கிறது, மூக்கு இன்னும் ஓடுபாதைக்குள் பார்க்கிறது, முன்னால் நீளமும் இருக்கிறது என்றால்: முழு த்ரொட்டில், உடனே வல மிதி, இறக்கை மட்டம், கைநூல் சொன்னபடி பிளாப்பைப் படிப்படியாகக் குறைத்து எழும்புங்கள். வல மிதியை மறக்கக் கூடாது. செஸ்னா, பைப்பர் போன்றவற்றில் முழுச் சக்தி கொடுத்ததும் மூக்கு இடப்பக்கம் இழுபடும். ஏற்கெனவே இடப்பக்கம் விலகிக்கொண்டிருப்பவர் வெறும் த்ரொட்டிலை மட்டும் தள்ளினால் நிலைமை மோசமாகும்.

வேகம் குறைந்துவிட்டது, மூக்கு பாதையோரத்தைப் பார்க்கிறது என்றால் சக்தி கொடுக்காதீர்கள். காட்டு மரங்களை நோக்கி அரை வேகத்தில் எழும்பப் பார்ப்பது உயிராபத்து. த்ரொட்டில் பின்னால், யோக் சற்றுப் பின்னால், எய்லரன் காற்றுப் பக்கம், எதிர் மிதி முழுவதும். அதுவும் போதாவிட்டால் அந்தப் பக்கப் பிறேக்கை மெல்லத் தொடுங்கள், அடிக்காதீர்கள். எப்படியும் புல்லுக்குள் போகத்தான் போகிறது என்று தெரிந்தால் நேராகவே போக விடுங்கள். பாதைக்குள் இழுத்துத் திருப்பப் பார்த்தால் சில்லுக் கால் பக்கவாட்டில் முறியும், இறக்கை நுனி நிலத்தில் படும். புல்லில் நேராக நின்ற விமானத்தை ஆட்கள் சேர்ந்து தள்ளிக் கொண்டுவரலாம்.

மாரி காலத்தில்

ஐப்பசி முதல் தை வரை வன்னியில் மழை. நீர் தேங்கிய ஓடுபாதையில் சில்லு தண்ணீருக்கு மேல் மிதந்து வழுக்கும். அந்த வேகத்தை மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு: ரயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்குங்கள். சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் என்றால் வர்க்கமூலம் 6, விடை 54 நொட். சிறு விமானம் தொடும் வேகமும் அதற்கு அருகில்தான். ஆகவே தண்ணீரில் தொட்ட உடனே பிறேக்கால் எந்தப் பயனும் இல்லை, சுக்கானை மட்டும் நம்புங்கள். பக்கக் காற்றுக்கான உங்கள் சொந்த எண்ணை ஈரநாளில் குறைத்துக்கொள்ளுங்கள்.

வால்சில்லு விமானம் ஓட்டப் போகிறவர்களுக்கு

உழவு இயந்திரத்தின் பெட்டியை முன்னோக்கி இழுக்கும்போது அது தானாக நேராக வரும். அதே பெட்டியைப் பின்னோக்கித் தள்ளினால், ஒரு சாண் கோணல் வந்த உடனேயே மடியப் பார்க்கும். முன்சில்லு விமானத்தில் பாரமையம் பிரதான சில்லுகளுக்கு முன்னால் இருப்பதால் அது இழுக்கப்படும் பெட்டி. வால்சில்லு விமானத்தில் பாரமையம் பின்னால் இருப்பதால் அது தள்ளப்படும் பெட்டி. கோணல் தானாகத் திருந்தாது, வளரும். கடைசியில் விமானம் தன்னையே சுற்றித் திரும்பிவிடும், இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். இதற்குத் தனியாக ஒரு பயிற்றுநரிடம் படியுங்கள். முன்சில்லு விமானப் பழக்கத்தோடு நேரே ஏறி ஓட்டாதீர்கள்.

பழகும் முறை

பயிற்றுநரோடு, மெல்லிய பக்கக் காற்றுள்ள நாளில், நீண்ட ஓடுபாதையின் மேல் சில அடி உயரத்தில் தொடாமலே பறந்து போய்த் திரும்ப எழும்புங்கள். ஒரு தடவை நடுக்கோட்டில், அடுத்த தடவை இட ஓரத்திலிருந்து வல ஓரத்துக்கு, பிறகு மறுபடி, மூக்கு எப்போதும் பாதைக்கு நேராக இருக்க. கையும் காலும் பிரிந்து வேலைசெய்யப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இது கைவந்த பிறகு காற்றுப் பக்கச் சில்லை மட்டும் தொடவைத்து எழும்பலாம்.

ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் கொப்பியில் நாலு விடயம் எழுதுங்கள்: காற்றின் திசையும் வேகமும், எந்தச் சில்லு முதலில் தொட்டது, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தொட்டீர்கள், விமானம் நின்றபோது யோக் எங்கே இருந்தது. கடைசிக் கேள்விக்கு "காற்றுப் பக்கம் முழுவதும்" என்று பத்துத் தடவை தொடர்ந்து எழுத முடிந்த பிறகு, உங்கள் எண்ணைக் கூட்டுவதைப் பற்றிப் பயிற்றுநரிடம் பேசுங்கள்.